விடியலுக்கு முந்தைய மூச்சு

1994-இல் நம் கிழக்குக் கடற்கரை இறால் குட்டைகளுக்குள் வெள்ளைப்புள்ளி வைரஸ் வந்தது. ஓட்டில் வெள்ளை வெள்ளையாகப் புள்ளி விழுந்த டைகர் இறால்கள் கரையோரம் ஒதுங்கின. பத்து நாளுக்குள் குட்டையே காலி. அதே வருஷம் காந்தியவாதி எஸ். ஜெகந்நாதன் உச்ச நீதிமன்றம் போனார். உப்பேறிய வயல்கள், குடிக்க முடியாத கிணறுகள் என்று நாகப்பட்டினம் பக்கத்துக் கஷ்டமெல்லாம் வழக்கில் வந்தது. 1996 டிசம்பர் 11-இல் தீர்ப்பு. நவீன பண்ணைகளைக் கடலோர ஒழுங்குமுறைப் பகுதியிலிருந்து அகற்றச் சொன்னது. 2005-இல் வந்த கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் அவற்றுக்கு மறுபடியும் வழி திறந்தது.

வைரஸின் கதையும் வழக்கின் கதையும் நிறையப் பேசப்பட்டாச்சு. எனக்கு அவற்றுக்கு நடுவே விடுபட்டுப்போன ஒன்றின் மேல்தான் கண்: விடிகாலை நாலு மணித் தண்ணீர்.

பகலில் குட்டைப் பாசி ஆக்ஸிஜன் கொடுக்கும். ராத்திரி அதே பாசி இறாலோடு போட்டி போட்டு மூச்சு வாங்கும். அடியில் மிஞ்சின தீவனம் அழுகி, கருஞ்சேறாகி, தன் பங்கையும் இழுத்துக்கொள்ளும். 30 டிகிரி வெப்பத்தில் கடல்நீர் நிறைந்திருந்தாலே லிட்டருக்கு 6 மில்லிகிராம் சொச்சம்தான் தாங்கும். விடியும் முன்னால் அது 3-க்குக் கீழே இறங்கினால் இறாலுக்குத் திண்டாட்டம்.

திண்டாட்டம் மூச்சோடு நிற்பதில்லை. நம்மைப் போல எதிர்ப்புப் புரதம் செய்து, வந்த நோயை நினைவு வைத்துக்கொள்ளும் வசதி இறாலுக்குக் கிடையாது. ரத்த அணுக்கள்தான் அதன் படை. அவை கிருமியை விழுங்கும், சூழ்ந்து கட்டும், ஃபீனால்ஆக்ஸிடேஸ் என்ற நொதியால் கறுப்பு மெலனின் பூசி அடக்கும். அந்த நொதி வேலை செய்ய ஆக்ஸிஜன் வேணும். விழுங்கிய கிருமியைக் கொல்ல அணுக்கள் உண்டாக்கும் நச்சுக்கும் அதுவே மூலப்பொருள். ஆக மூச்சு முட்டும்போது ஆயுதமும் மழுங்குகிறது. 1998-இல் லெ முலாக் குழு நீல இறாலில் இதைச் சோதித்தது. ஆக்ஸிஜன் குறைந்ததும் ரத்த அணுக்கள் சரிந்தன. விப்ரியோ பாக்டீரியா செலுத்தப்பட்டவை கூடுதலாகச் செத்தன.

இதை வைத்து 1994-இன் பழியைத் தண்ணீர் மேல் போட்டுவிட முடியாது. வெள்ளைப்புள்ளி நல்ல தண்ணீரிலும் கொல்லும். தாய் இறாலிலும் குஞ்சிலும் ஏறி ஊர் ஊராகப் போனது அந்த வைரஸ். ஆனால் உடம்பில் சத்தமில்லாமல் கிடக்கும் தொற்று எந்த ராத்திரி நோயாக வெடிக்கும் என்பதில் குட்டையின் மூச்சுக்குப் பங்கு உண்டு. அந்தக் கணக்கை எந்தத் தீர்ப்பும் எழுதவில்லை, எழுதவும் முடியாது.

2009-இல் வனாமி வந்தது. சதுர மீட்டருக்கு 60 குஞ்சு வரை அனுமதி. நோயற்ற குஞ்சு என்ற பேரில் நம்பிக்கையும் கூடவே வந்தது. அவ்வளவு நெரிசலில் காற்று தானாகக் கரைந்து வரட்டும் என்று காத்திருக்க முடியாது. அதனால்தான் ராத்திரி முழுக்க ஏரேட்டர் துடுப்புகள் தண்ணீரை அடித்துக்கொண்டே இருக்கின்றன. கரண்ட் போனால், காவல் கொட்டகையில் படுத்திருப்பவர் முதலில் ஓடுவது ஜெனரேட்டரிடம்.