தீர்க்கதரிசிகளும் திருவிருந்தும்

எபிரேயத் தீர்க்கதரிசிகள் சடங்கை வெறுத்தவர் என்பதும், யூதரின் பஸ்கா விருந்தும் கிறித்தவரின் திருவிருந்தும் அப்பத்தாலும் கிண்ணத்தாலும் மட்டுமே உறவுடையன என்பதும் பலர் கொண்ட கருத்துக்கள். இவ்விரண்டும் முழு உண்மை ஆகா. பலிபீடத்தின்முன் தீர்க்கதரிசிகள் எழுப்பிய அறக்குரலே, பின்னாளில் இவ்விரு பந்திகளுக்கும் விதியாயிற்று என்பதை நிறுவுதல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கி.மு. 8ஆம் நூற்றாண்டினராகிய ஆமோஸ் தெக்கோவா என்னும் ஊரினர், மந்தை மேய்த்தவர். அவர் வடநாட்டுப் பெத்தேலுக்குச் சென்று, எளியோரை விற்று வாழ்வார் எடுக்கும் விழாக்களைக் கடவுள் ஏலார் என இடித்துரைத்தார். அவருக்குச் சற்றே பிற்பட்ட ஓசியா, பலியினும் இரக்கமே வேண்டப்படுவது என்றார். எருசலேமில் ஏசாயா, திக்கற்றவர்க்கும் கைம்பெண்டிர்க்கும் நீதி வழங்காதார் வழிபாடு பயனற்றது என்றார். இவற்றைக் கொண்டு வெல்ஹாசன் முதலிய 19ஆம் நூற்றாண்டுச் செருமானிய அறிஞர், தீர்க்கதரிசிகளின் சமயத்தையும் குருமார் சடங்கையும் எதிரெதிர் நிறுத்தினர்.

ஆயின், எசேக்கியேல் குருவாகவும் தீர்க்கதரிசியாகவும் விளங்கியவர். பஸ்கா கொண்டாடற்குரிய நாளை அவர் நூலின் 45ஆம் அதிகாரம் வரையறுக்கின்றது. மல்கியாவோ, குருட்டு விலங்கையும் முடப்பட்ட விலங்கையும் படைப்பாரைக் கடிகின்றார். சடங்கே வேண்டா என்பார் அதன் குறையைத் திருத்த முற்படார். எனவே, தீர்க்கதரிசிகள் கடிந்தது நீதியினின்று பிரிந்த சடங்கினையே என்பது போதரும்.

இனி, பஸ்காவின் வரலாற்றை நோக்குவாம். யாத்திராகமம் 12ஆம் அதிகாரத்தில் அஃது இல்லத்து விருந்தாகக் காணப்படுகின்றது. ஆட்டிறைச்சியும் புளிப்பில்லா அப்பமும் கசப்புக் கீரையும் அதன் உணவுகள். கி.மு. 622ஐ ஒட்டி, யோசியா மன்னர் செய்த சீர்திருத்தத்தால் அஃது எருசலேம் ஆலயத்திற்குரிய விழாவாயிற்று. கி.பி. 70இல் உரோமர் அவ்வாலயத்தை அழித்தபின், அங்கு ஆடு பலியிடுதல் நின்றது, பந்தி நின்றிலது. கி.பி. 200 அளவில் தொகுக்கப்பெற்ற மிஷ்னாவின் ‘பெசாகிம்’ என்னும் பகுதி, பத்தாம் அதிகாரத்தில் அப்பந்தியின் முறையை விளக்குகின்றது. அதன் தொடக்கத்திலேயே, இசுரவேலருள் மிக வறியவனும் சாய்ந்திருந்தே உண்ணல் வேண்டும் என்றும், அறச்சோற்றால் வாழ்பவனாயினும் அவனுக்கு நான்கு கிண்ணத்திற்குக் குறையாமல் திராட்சை இரசம் அளித்தல் வேண்டும் என்றும் விதி காணப்படுகின்றது. சாய்ந்துண்டல் உரிமை மக்களின் வழக்கம். இவ்விடத்து மிஷ்னா தீர்க்கதரிசி எவரையும் சுட்டவில்லை. எனினும், நியாயப்பிரமாணமும் தீர்க்கதரிசிகளும் ஒருங்கே வற்புறுத்திய கருத்து இது என்பது தெளிவு.

கிறித்தவர் பக்கத்திலும் இதுவே நிகழ்ந்தது. இயேசுவின் இறுதி இராவுணவு பற்றி நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய எழுத்து, கி.பி. 55ஐ ஒட்டிப் பவுல் கொரிந்தியர்க்கு விடுத்த முதல் நிருபமாகும். ஆண்டுக் கிண்ணத்தோடு இணைத்துச் சொல்லப்படும் ‘புதிய உடன்படிக்கை’ எரேமியா 31ஆம் அதிகாரத்துச் சொல். அங்ஙனம் உரைக்குமுன்னரே, ஒருவன் பசித்திருக்க மற்றொருவன் வெறித்திருக்கும் பந்தி ஆண்டவர் விருந்தே அன்று எனப் பவுல் கடிகின்றார். பீடத்தின்முன் ஒலித்த ஆமோசின் குரல் இங்குப் பந்தியில் ஒலிக்கின்றது. 1873இல் கான்ஸ்டாண்டிநோபிளில் பிரியேன்னியோஸ் கண்டெடுத்து 1883இல் வெளியிட்ட ‘திதாகே’ என்னும் பழைய கிரேக்க நூல் இதனை வலியுறுத்தும். அதன் பந்தி வேண்டுதல்கள் யூதரின் உணவு வாழ்த்துக்களை ஒத்துள்ளன. அயலானோடு பிணங்கியவன் ஒப்புரவாகுமளவும் பந்தியிற் சேர்தலாகாது என அது விதித்து, மல்கியாவின் சொல்லையே சான்று காட்டுகின்றது.

ஈண்டு ஓர் எச்சரிக்கை வேண்டும். இறுதி இராவுணவைப் பஸ்கா விருந்தாக முதல் மூன்று சுவிசேடங்கள் கூற, யோவான் சுவிசேடமோ பஸ்கா உண்பதற்கு முன்னரே இயேசு சிலுவையேறினார் என்கின்றது. அது பஸ்கா விருந்தே என 1935இல் வெளிவந்த தம் நூலில் யோவாக்கிம் எரேமியாஸ் வாதித்தார். அறிஞர் பலர் உடன்பட்டிலர். மேலும், யூதர் இன்று ஓதும் ‘அகாதா’ மிஷ்னாவிற்குப் பின்னர்ப் படிப்படியாக வளர்ந்தது. அதனை இயேசுவின் பந்தியில் ஏற்றிப் பொருள் காண்டல் காலமுரண் ஆகும். ஆகவே, இவ்விரு விருந்துகளின் தொடர்பை உடன்பிறந்த உறவு எனலே பொருந்தும்.

கி.பி. 2ஆம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் வாழ்ந்த ஜஸ்டினின் இரு நூல்கள் இவ்வாராய்ச்சிக்குப் பெரிதும் பயன்படுகின்றன. டிரைபோ என்னும் யூதரோடு உரையாடுவதாக அமைந்த நூலில் அவர் ஆமோசின் கண்டனத்தை எடுத்து யூதர்க்கு எதிராகவே நிறுத்துகின்றார். தம் மக்களை உள்ளிருந்து திருத்த எழுந்த சொல், புறத்தார் கையிற் குற்றச்சாட்டாக மாறிற்று. இத்தகைய பகை முற்றிய இடைக்கால ஐரோப்பாவில், யூதர் பஸ்காவிற்காகக் குழந்தைகளைக் கொல்கின்றனர் என்னும் பெரும்பழியும் எழுந்தது. அது பொய்யென 1247இல் நான்காம் இன்னொசென்ட் என்னும் போப்பரசர் கண்டிக்க நேர்ந்தது.

அதே ஜஸ்டின் தம் ‘முதல் விண்ணப்ப’த்தில் ஞாயிறு வழிபாட்டை விளக்குகின்றார். செல்வர் விரும்பியளிக்கும் பொருள் தலைவரிடம் சேர்க்கப்பெற்று, திக்கற்றோர், கைம்பெண்டிர், நோயாளர், சிறைப்பட்டோர், வழிப்போக்கர் ஆகியோர்க்கு உதவும் என்கின்றார். தீர்க்கதரிசிகளின் சொல்லைப் பிறர்மேல் எறிந்தவிடத்துப் பகை விளைந்தது. தம் பந்திக்கே விதியாகக் கொண்டவிடத்து வறியவன் உண்டான். இரு சமயத்தாரின் விருந்தையும் ஒப்பிட்டு ஆராய்வார், அப்பத்தையும் கிண்ணத்தையும் நோக்குவதோடு அப்பந்தியில் யாருக்கு இடம் அளிக்கப்பட்டது என்பதனையும் நோக்குதல் கடனாம்.