பறவை எச்சமும் மலை ரெயிலும்

மலை ரெயில் என்றதும் நம்மவர்களுக்கு மேட்டுப்பாளையத்திலிருந்து புறப்படும் ஊட்டி வண்டிதான் ஞாபகத்துக்கு வரும். கல்லாறு தாண்டியதும் இன்ஜின் பின்னாலிருந்து முட்டித் தள்ள, தண்டவாளங்களுக்கு நடுவே உள்ள பல் வரிசையைக் கடித்துக் கடித்து வண்டி மேலே போகும். குன்னூர் ஸ்டேஷனில் இறங்கி ஒரு கப் டீ குடித்தால்தான் பிரயாணம் பூர்த்தியான மாதிரி இருக்கும். சுவிட்ஸர்லாந்துக்காரர்களும் பல்சக்கரத்தை நம்பித்தான் தங்கள் சிகரங்களில் ஏறினார்கள். அவற்றைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் சொல்ல வந்தது, பல்லே இல்லாமல் ஊட்டியைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் உயரம் ஏறிய ஒரு ரெயிலின் கதை. அது தென் அமெரிக்காவில், பெரு நாட்டில் இருக்கிறது.

பெருவின் தலைநகரமான லீமா கடலை ஒட்டியது. அதன் முதுகுப் புறத்திலேயே ஆண்டீஸ் மலை எழும்பி விடுகிறது. மலைக்கு அப்பால் வெள்ளியும் செம்பும் ஏராளம். அவற்றைக் கோவேறு கழுதையின் மேலும் லாமாவின் மேலும் ஏற்றித்தான் கொண்டு வர வேண்டியிருந்தது. காயாவோ துறைமுகத்திலிருந்து லா ஒரோயா என்ற ஊர் வரைக்கும் ரெயில் போட்டால் நாடே செழிக்கும் என்று அந்த ஊர்ப் பெரிய மனிதர்கள் கனவு கண்டார்கள். தூரம் என்னவோ 222 கிலோமீட்டர்தான். ஆனால் முதல் 170 கிலோமீட்டருக்குள் கடல் மட்டத்திலிருந்து 4,781 மீட்டர் உயரம் ஏறியாக வேண்டும். ஐரோப்பாவின் மான்ட் பிளாங்க் சிகரத்துக்கும் அந்த உயரத்துக்கும் அதிக வித்தியாசமில்லை. அங்கே காற்றின் அழுத்தம் கடற்கரையில் இருப்பதில் பாதியை விடச் சற்றே அதிகம். சாதாரணப் பானையில் வைத்தால் சோறு சரியாக வேகாது.

இத்தனை பெரிய வேலைக்குப் பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் சிரிப்பு வரும். பறவை எச்சத்திலிருந்து வந்தது! பெருவின் கடற்கரைக்கு எதிரே சின்ச்சா தீவுகள் என்று சில பாறைத் தீவுகள் உண்டு. அங்கே மழை பெய்வதே அபூர்வம். கடலில் மீனோ அளவில்லாமல் கிடைக்கும். லட்சக்கணக்கான கடற்பறவைகள் யுகயுகமாக அந்த மீனைத் தின்று அந்தப் பாறைகளில் எச்சமிட்டு வந்தன. கரைத்துக்கொண்டு போக மழை இல்லாததால் அது குன்று குன்றாகக் குவிந்து கிடந்தது. குவானோ என்று அதற்குப் பெயர். பழைய இங்க்கா மக்களுக்கு அதன் அருமை தெரியும். 1840க்குப் பிறகு ஐரோப்பாக்காரர்களுக்கும் தெரிந்து விட்டது. இங்கிலாந்தின் கோதுமை வயல்களுக்குக் கப்பல் கப்பலாக உரம் போயிற்று. பெரு அரசாங்கத்தின் வருமானத்தில் பாதிக்கு மேல் இந்த எச்சத்திலிருந்தே வந்த காலம் உண்டு. கையில் காசு இருந்தால் கடன் கொடுக்க ஆள் வருவது எங்கும் உள்ள வழக்கந்தானே? 1870லும் 1872லும் லண்டனிலும் பாரிஸிலும் குவானோவை ஈடு காட்டிப் பெரு அரசாங்கம் கடன் பத்திரம் விற்றது.

இந்த இடத்தில்தான் கதாநாயகர் வருகிறார். இவரைக் கதாநாயகர் என்பதா, வேறு ஏதாவது சொல்வதா என்று எனக்கே நிச்சயமில்லை. ஹென்றி மெக்ஸ் என்பது அவர் பெயர். அமெரிக்கர், 1811ல் நியூயார்க் மாகாணத்தில் பிறந்தவர். கலிபோர்னியாவில் தங்கம் கிடைத்த காலத்தில் ஸான் பிரான்ஸிஸ்கோவுக்குப் போய் மர வியாபாரம் செய்தார். படகுத் துறை கட்டினார். மனை வாங்கி விற்றார். ஊரில் அவரைப் போல் நல்லவர் இல்லை என்று பெயர். மனை விலை விழுந்ததும் கடன் கழுத்தை நெரித்தது. நகரசபையின் பத்திரங்களைப் போலியாகத் தயாரித்து அடகு வைத்துச் சமாளித்துப் பார்த்தார். 1854 அக்டோபரில் ஒரு நாள் குடும்பத்தோடு கப்பலேறிக் கம்பி நீட்டி விட்டார். சிலி நாட்டில் போய் இறங்கியவர், சில வருஷங்களில் அங்கே ரெயில் காண்டிராக்டராகத் தலை நிமிர்ந்தார். ஸாண்டியாகோவுக்கும் வால்பரைஸோவுக்கும் இடையே பலர் கைவிட்ட பாதையை 1863ல், குறித்த கெடுவுக்கு முன்பே முடித்துக் கொடுத்துப் பெரும் லாபம் சம்பாதித்தார். ஸான் பிரான்ஸிஸ்கோக் கடன்களில் பெரும் பகுதியைத் திருப்பிக் கொடுத்தும் விட்டார். நான் கதை எழுதிப் பிழைக்கிறவன். இப்படி ஒருவரை நாவலில் கொண்டு வந்து நிறுத்தினால், 'இதெல்லாம் நடக்கிற காரியமா, ஸார்?' என்று பத்திரிகைக்குக் கடிதம் எழுதுவார்கள்.

1868ல் மெக்ஸ் பெருவுக்கு வந்தார். பால்ட்டா என்ற ராணுவ அதிகாரி அப்போதுதான் ஜனாதிபதியாகியிருந்தார். அவருக்கு ரெயில் பைத்தியம். மெக்ஸுக்கு ரெயிலே தொழில். ஒரோயா பாதைக்கு 2 கோடியே 76 லட்சம் சோல் என்று ஒப்பந்தமாயிற்று. சோல் என்பது அந்த நாட்டு நாணயம். தொகையைக் கடன் பத்திரமாகவே கொடுப்பது என்று ஏற்பாடு. 1870 ஜனவரி முதல் தேதி லீமாவில் தடபுடலான விழா நடத்தி வேலையை ஆரம்பித்தார்கள்.

வேலைக்கு மூளையாக இருந்தவர் இன்னொருவர். எர்னெஸ்ட் மாலினோவ்ஸ்கி என்ற போலந்துக்காரர். ரஷ்யப் பேரரசை எதிர்த்து 1830ல் போலந்து செய்த கலகம் தோற்ற பிறகு நாடிழந்து பிரான்ஸுக்குப் போய் இன்ஜினியரிங் படித்தவர். 1852ல் பெருவுக்கு வந்து சேர்ந்தவர். ரீமாக் நதி அறுத்துக்கொண்டு வரும் பள்ளத்தாக்கின் வழியாக ரெயில் போகலாம் என்று அவர்தான் பாதை வகுத்தார். அந்தப் பள்ளத்தாக்கைப் படத்தில் பார்த்தாலே தலை சுற்றும். இரண்டு பக்கமும் செங்குத்தான பாறை. நடுவிலே நதிக்கு மட்டும் இடம். வளைந்து வளைந்து ஏறுவதற்கு அகலம் கிடையாது. என்ன செய்வது? அதற்கு ஒரு யுக்தி உண்டு. வண்டி மலைச் சரிவில் முன்னோக்கி ஏறிக்கொண்டே போய், பாதை முடிகிற முனையில் நின்று விடும். பின்னால் பாதை மாற்றியைத் திருப்பி விடுவார்கள். வண்டி இப்போது பின்னோக்கி, இன்னும் மேலேயுள்ள பாதையில் ஏறும். அதன் முனையில் நின்று மறுபடியும் முன்னோக்கி. கோலத்தில் வளைத்துக் கோடு இழுக்க இடமில்லாவிட்டால் மடக்கி மடக்கி இழுப்பதில்லையா, அந்த மாதிரி. நூறு அடிக்கு நாலு அடிக்கும் அதிகமான ஏற்றத்தில், வழவழவென்ற சக்கரம் வழவழவென்ற தண்டவாளத்தைப் பற்றும் பிடியை மட்டுமே நம்பி ஏற வேண்டும். அறுபதுக்கும் மேற்பட்ட குகைகள், ஐம்பதுக்கும் மேற்பட்ட பாலங்கள். ஓரிடத்தில் ஒரு குகையிலிருந்து வெளியே வந்த வண்டி, கீழே நதி இரைய ஒரு பாலத்தைத் தாண்டி, மூச்சு விடுவதற்குள் அடுத்த குகைக்குள் நுழைந்து விடும். அந்த இடத்துக்குச் 'சின்ன நரகம்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

உண்மையான நரகம் அதற்கு வெகு கீழேயே இருந்தது. லீமாவிலிருந்து 80 கிலோமீட்டர் சுமாருக்கு வெர்ருகாஸ் என்றொரு ஓடை குறுக்கிட்டது. வெர்ருகாஸ் என்றால் மருக்கள் என்று அர்த்தம். அந்தப் பக்கத்துக்குப் போய் வந்தவர்களுக்கு உடம்பில் சிவப்புச் சிவப்பாக மரு கிளம்பும், ரத்தம் கசியும், சில மாதங்களில் உதிர்ந்து விடும். வெகு காலமாக ஜனங்களுக்குத் தெரிந்த வியாதி அது. உயிருக்கு ஆபத்தில்லை என்று எண்ணியிருந்தார்கள். அந்த ஓடைக்குக் குறுக்கே 575 அடி நீளமும் 252 அடி உயரமுமாக ஓர் இரும்புப் பாலம் கட்ட வேண்டியிருந்தது. அந்தப் பகுதியில் ஆயிரக்கணக்கான தொழிலாளிகள் வந்து கூடாரமடித்தார்கள். சிலி நாட்டுக்காரர்கள், பெருவின் மலை ஜனங்கள், இவர்களோடு சீனர்கள். 1849க்கும் 1874க்கும் இடையில் சுமார் 90,000 சீனர்களை எட்டு வருஷ ஒப்பந்தம் என்று கையெழுத்து வாங்கிப் பெருவுக்குக் கப்பலேற்றினார்கள். குவானோ வெட்டியவர்களும் அவர்கள்தாம்.

கூடாரங்களில் ஒரு காய்ச்சல் கிளம்பிற்று. உடம்பில் ரத்தமே வற்றிப் போன மாதிரி ஆட்கள் வெளுத்தார்கள். இரண்டு மூன்று வாரங்களில் செத்தார்கள். இறந்தவர் தொகையை ஏழாயிரம் வரை மதிப்பிடுகிறவர்கள் உண்டு. வைத்தியர்கள் அதற்கு ஒரோயாக் காய்ச்சல் என்று பெயரிட்டார்கள். பெயரிட முடிந்ததே தவிர மருந்து தெரியவில்லை. பாலம் மட்டும் 1873ல் எழும்பி நின்றது. உலகத்தின் மிக உயரமான பாலங்களில் ஒன்றென்று பத்திரிகைகள் புகழ்ந்தன.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகவே சொல்லலாம். கடனாளியின் கதை எந்த தேசத்திலும் ஒன்றுதான். 1872ல் ஒரு ராணுவக் கலகத்தில் பால்ட்டாவைக் காவலில் வைத்துச் சுட்டுக் கொன்றார்கள். குவானோ தீர்ந்துகொண்டே வந்தது. 1876ல் பெரு அரசாங்கம் வெளிநாட்டுக் கடனுக்கு வட்டி கொடுக்க முடியாதென்று கை விரித்தது. மெக்ஸ் தம்முடைய கம்பெனியின் பெயரால் காகித நோட்டு அச்சிட்டுக் கூலி கொடுத்துப் பார்த்தார். ஜனங்கள் அதை 'மெக்ஸ் நோட்டு' என்றார்கள். 1877 செப்டம்பர் கடைசியில் லீமாவிலேயே அவர் உயிர் பிரிந்தது. மறு வருஷம் வண்டி சிக்லா என்ற ஊர் வரைக்கும் போயிற்று. அதற்கு மேல் பாதை அரைகுறையாக நின்றது. 1879ல் சிலியோடு யுத்தம் மூண்டது. 1881ல் எதிரிப் படை லீமாவுக்குள்ளேயே புகுந்தது.

ஆனால் காய்ச்சலின் கதை முடியவில்லை. எனக்கு இந்த ரெயிலின் மேல் ஈடுபாடு ஏற்பட்டதே அதனால்தான்.

லீமாவின் ஸான் பெர்னாண்டோ வைத்தியக் கலாசாலையில் டானியல் அல்ஸிடஸ் காரியோன் என்று ஒரு மாணவர் இருந்தார். செர்ரோ தெ பாஸ்கோ என்ற மலைமேல் சுரங்க ஊரில் 1857ல் பிறந்தவர். மரு வியாதியைப் பற்றிச் சில வருஷங்களாகக் குறிப்புகள் சேர்த்துக்கொண்டிருந்தார். மருவும் ஒரோயாக் காய்ச்சலும் ஒரே நோயா, வெவ்வேறா என்பது அப்போது பெரிய வாதமாயிருந்தது. ஒன்று வெறும் தோல் நோய், மற்றொன்று கொலைகார ஜுரம். இரண்டையும் முடிச்சுப் போடுவது பலருக்கு அபத்தமாகப் பட்டது. மரு வெளியே கிளம்புவதற்கு முன் உடம்பில் என்ன நடக்கிறது என்று தெரிந்தால் விடை கிடைக்கும் என்று காரியோன் நினைத்தார். அதைத் தெரிந்துகொள்ள ஒரே வழிதான் அவருக்குத் தோன்றியது.

1885 ஆகஸ்டு 27ந் தேதி லீமாவின் தோஸ் தெ மாயோ ஆஸ்பத்திரியில், மரு வந்திருந்த ஒரு நோயாளியின் மருவிலிருந்து ரத்தத்தை எடுத்துத் தம் கைகளில் குத்திக்கொண்டார். வேண்டாம் என்று தோழர்கள் தடுத்தும் கேட்கவில்லை. அங்கிருந்த ஒரு டாக்டர் கடைசியில் உதவி செய்தார். மூன்று வாரம் ஒன்றும் இல்லை. செப்டம்பர் 17ந் தேதி உடம்பு வலி ஆரம்பமாயிற்று. பிறகு குளிர், ஜுரம். ஒவ்வொரு நாளும் தம்முடைய நாடியையும் ஜுரத்தையும் தாமே எழுதி வந்தார். 26ந் தேதியோடு பேனா பிடிக்க முடியவில்லை. பிறகு சக மாணவர்கள் எழுதினார்கள். ஒரோயாக் காய்ச்சலில் மாண்ட ரெயில் தொழிலாளிகளைப்போல் அவரும் ரத்தம் வற்றி வெளுத்தார். மருவிலிருந்து எடுத்த ரத்தம் தமக்கு அந்தக் காய்ச்சலைத் தந்திருக்கிறது, ஆகவே இரண்டும் ஒரே நோய்தான் என்று அவரே சொல்லி விட்டார். அக்டோபர் 5ந் தேதி காலமானார். வயது 28. உதவி செய்த டாக்டர் மேல் கொலைக் குற்றம் சாட்டி வழக்கு ஏற்பட்டது. பிறகு அதைக் கைவிட்டார்கள்.

சாகத் துணிந்துதான் ஊசியைக் கையில் எடுத்தாரா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. மரு வந்தவர்கள் பிழைத்துவிடுவதைத்தான் அவர் அதுவரை பார்த்திருந்தார். சில வாரம் ஜுரத்தில் கிடப்போம், பிறகு ஒரு நல்ல கட்டுரை எழுதலாம் என்ற கணக்கு இருந்திருக்க வேண்டும். வாலிபம் அப்படித்தான் கணக்குப் போடும். ஆனால் கணக்குத் தப்பியது தெரிந்த பிறகும் அவர் குறிப்பெழுதுவதை நிறுத்தவில்லை பாருங்கள், அந்த இடத்தில்தான் நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுச் சற்று நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

பிற்பாடு ஆல்பர்ட்டோ பார்ட்டன் என்ற பெரு தேசத்து டாக்டர் இந்த நோய்க்கான கிருமியைக் கண்டுபிடித்தார். அதற்குப் பார்ட்டொனெல்லா என்று அவர் பெயரையே வைத்தார்கள். அந்தக் கிருமியைப் பரப்புவது மணல் ஈ. பொழுது சாய்ந்த பிறகு கடிக்கிற மிகச் சிறிய ஈ. ஓடைக்கரையில் கூடாரமடித்து இரவில் படுத்தவர்கள் ஏன் கும்பல் கும்பலாகச் செத்தார்கள் என்பதற்குப் பதில் அவ்வளவுதான்.

ரெயிலைக் கடைசியில் கடன்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். 1890ல் லண்டனில் கடன் பத்திரம் வைத்திருந்தவர்களெல்லாம் ஒரு கம்பெனியாகச் சேர்ந்து, பழைய கடனைத் தள்ளிக் கொடுப்பதற்குப் பதிலாகப் பெருவின் ரெயில் பாதைகளை 66 வருஷத்துக்கு எழுதி வாங்கினார்கள். அவர்கள் மிச்ச வேலையை முடித்து 1893ல் வண்டியை ஒரோயாவுக்குக் கொண்டு போனார்கள். உச்சியில் காலெரா என்ற குகைக்குள் புகுந்து மலையின் அந்தப் பக்கம் இறங்குகிறது பாதை. அந்தக் குகைக்கு மேலே நிற்கிற சிகரத்துக்கு மெக்ஸின் பெயர். பிரயாணிகளுக்கு மூச்சுத் திணறினால் கொடுப்பதற்காக, ஆக்ஸிஜன் பையைத் தூக்கிக்கொண்டு ஓர் ஆள் பெட்டி பெட்டியாக நடந்து வருவது வெகு காலம் அந்த வண்டியில் வழக்கமாயிருந்தது. ஒரு கிளைப் பாதை இன்னும் உயரே, 4,800 மீட்டருக்கு மேலும் போயிற்று. 2006ல் சீனர்கள் திபெத்துக்கு ரெயில் விட்ட பிறகுதான் உலகத்திலேயே உயர்ந்தது என்ற பெயர் பெருவிடமிருந்து போயிற்று.

வெர்ருகாஸ் ஓடையின் மேல் கட்டிய பழைய பாலத்தை 1889ல் வெள்ளம் அடித்துக்கொண்டு போய்விட்டது. இரண்டு வருஷத்துக்குள் வேறு பாலம் போட்டார்கள். அதையும் 1937ல் மாற்றிக் கட்டினார்கள். இப்போது அங்கே நிற்கிற பாலத்துக்குக் காரியோன் பாலம் என்று பெயர்.