பந்தயத் திடலும் பக்தி நெறியும்

விளையாட்டின்பால் மக்கள் காட்டும் ஆர்வத்தைச் சமயப் பற்றோடு ஒப்பிட்டுப் பேசுவது கிறிஸ்தவச் சபைகளில் நெடுநாளைய வழக்கம். பந்தாட்டம் காண மழையிலும் வெயிலிலும் மணிக்கணக்காக நிற்பவன், ஆராதனை கால் மணி நேரம் நீண்டால் முகம் சுளிக்கிறான் என்று போதகர் கடிந்துகொள்வர். மாலையானதும் இளைஞர் பந்துத் திடலை நாடும் ஜொகூர் மாநிலத்துக் காஹாங் போன்ற தோட்டப்புற ஊரானாலும், சென்னை, யாழ்ப்பாணம் முதலிய நகரங்களானாலும் இப்பேச்சுக்கு இடமுண்டு.

இவ்வொப்புமை புதியதன்று. ஏறத்தாழ 2,000 ஆண்டுப் பழமை உடையது. ஆயின், பழைய ஆசிரியர் தொண்டனுக்கு ஒப்பாக எடுத்துக்கொண்டது ஆட்டக்காரனை. இன்றையோர் எடுத்துக்கொள்வதோ பார்வையாளனை. இந்த வேறுபாடு சிறிதன்று. இதனை மறந்தமையால், அறிவுரையாகப் பிறந்த ஓர் உவமை வெறும் வசையாகத் தேய்ந்துவிட்டது.

கொரிந்து நகரில்

கிரேக்க நாட்டுக் கொரிந்து நகருக்கு அண்மையில், இஸ்துமியா என்னுமிடத்தில் இரண்டாண்டுக்கு ஒருமுறை பெருவிளையாட்டு விழா நடைபெற்று வந்தது. வென்றவனுக்குக் கிடைத்த பரிசு பொன்னன்று. பைன் மரத் தழையாலோ காட்டுச் செலரித் தழையாலோ கட்டிய முடியே. சில நாளில் வாடிப்போகும் அம்முடிக்காக வீரர்கள் உணவிலும் உறக்கத்திலும் கடும் கட்டுப்பாட்டை மேற்கொண்டனர். ஒலிம்பியா விழாவிலோ, பத்து மாதம் முறையாகப் பயின்றதாக வீரர்கள் தெய்வத்தின் முன் சூளுரைக்க வேண்டியிருந்தது.

பவுல் அடியார் கி.பி. 50ஐ ஒட்டிக் கொரிந்து நகரில் ஒன்றரை ஆண்டு தங்கியவர். சில ஆண்டுகள் கழித்து அவ்வூர்ச் சபைக்கு எழுதிய முதல் நிருபத்தின் ஒன்பதாம் அதிகாரத்தில், ஓட்டக்காரனையும் குத்துச்சண்டை வீரனையும் எடுத்துக்காட்டாக நிறுத்துகிறார். வாடும் முடிக்காக ஒருவன் இத்துணை அடக்கம் பயில்வானாயின், வாடா முடியை நாடுபவன் எத்துணைப் பயில வேண்டும் என்பதே அவர் வாதம். கூட்டத்தின் ஆரவாரத்தைப் பற்றி அங்கே ஒரு சொல்லும் இல்லை.

கண்டித்தோர்

பார்வையாளர் கூட்டத்தைத் திருச்சபைப் பெரியோர் எவ்வாறு நோக்கினர்? கி.பி. 200ஐ ஒட்டிக் கார்த்தேஜ் நகரில் வாழ்ந்த தெர்த்துல்லியன், பொதுக் காட்சிகளைக் கண்டித்துத் தனி நூலே இயற்றினார். அவை விக்கிரக வழிபாட்டோடு பிணைந்திருந்தமையும், தேர்ப்பந்தயம் காண்போர் அறிவிழந்து வெறிகொண்டமையும் அவர் கூறிய குற்றங்கள். அதே தெர்த்துல்லியன், சமயத்தின் பொருட்டுச் சிறைப்பட்டோருக்கு எழுதியபோது சிறையைப் பயிற்சிக்கூடமாகவும், அவர்களைக் களம்புகக் காத்திருக்கும் வீரர்களாகவும் உருவகித்தார். இது முரண்பாடன்று. காண்போனின் வெறியை இகழ்ந்தவர், ஆடுவோனின் பயிற்சியைப் புகழ்ந்தார்.

இருநூறு ஆண்டு கழித்துக் கான்ஸ்டாண்டிநோபிள் பேராயர் யோவான் கிறிசோஸ்தோம், தம் மக்கள் ஆலயத்தை விட்டுக் குதிரைப் பந்தயத்துக்கு ஓடியதை நொந்து பேசினார். இன்றைய போதகரின் மனக்குறை அன்றே எழுந்துவிட்டது. அந்நகரிலேயே கி.பி. 532இல், நீலர் என்றும் பச்சையர் என்றும் பிரிந்து நின்ற தேர்ப்பந்தயக் கட்சியினர் அரசை எதிர்த்து ஒன்றுகூடிக் கிளர்ந்தனர். 'வெல்க' என்னும் பந்தய முழக்கமே அவர்தம் போர்முழக்கமாயிற்று. நகரின் பேராலயமே தீக்கு இரையாயிற்று. மாண்டோர் 30,000க்கு மேற்பட்டவர் என்று அக்கால வரலாற்றாசிரியர் புரோக்கோப்பியஸ் எழுதினார். அவர்களுள் பெரும்பாலோர் கிறிஸ்தவர் என்பது எண்ணத்தக்கது. பந்தய ஆர்வத்தின் அளவை மட்டும் கொண்டு பக்தியை அளக்க முற்படுவோர் இந்நிகழ்ச்சியை நினைவிற் கொள்ளல் வேண்டும்.

களத்தினின்று வந்தோர்

ஆட்டக்காரரே தொண்டராக மாறிய வரலாறும் உண்டு. 1882 ஆகஸ்டில் லண்டன் ஓவல் திடலில் ஆஸ்திரேலியாவிடம் இங்கிலாந்து 7 ஓட்டங்களில் தோற்றது. 'ஆஷஸ்' என்னும் பெயர் பிறந்ததற்குக் காரணமான ஆட்டம் அது. அதில் ஆடிய சி. டி. ஸ்டட், இரண்டாம் இன்னிங்ஸில் ஒரு பந்தையும் சந்திக்க வாய்ப்பின்றி ஆட்டமிழக்காது நின்றார். பின்னர்த் தம் தமையன் கொடுநோயுற்றபோது, புகழின் பயன் யாதென அவர் உள்ளத்தில் வினா எழுந்தது. 1885இல் ஊழியத்தின் பொருட்டுச் சீனம் சென்றார். தந்தைவழிச் செல்வத்தை அறங்களுக்கு ஈந்தார். 1900 முதல் 1906 வரை நீலகிரியில், உதகமண்டலத்துச் சபையொன்றில் போதகராக இருந்தமையால் தமிழ் மண்ணுக்கும் அவருக்கும் தொடர்புண்டு. 1931இல் ஆப்பிரிக்காவில் காங்கோ நாட்டில் மறைந்தார்.

ஸ்காத்லாந்து வீரர் எரிக் லிடெல், 1924 பாரிஸ் ஒலிம்பிக் விழாவில், ஞாயிற்றுக்கிழமை என்பதற்காகத் தமக்குரிய 100 மீட்டர் ஓட்டத்தையே துறந்தார். அதே விழாவில் 400 மீட்டர் ஓட்டத்தை 47.6 விநாடியில் ஓடி வென்றார். மறு ஆண்டே சீனத்தில் ஊழியம் ஏற்றார். 1945இல் ஜப்பானியர் காவல்முகாமில் உயிர் நீத்தார். ஸ்டட் ஆட்டத்தை விட்டார். லிடெல் ஓர் ஓட்டத்தை விட்டு மற்றொன்றை ஓடினார். எதனை எப்போது விடுவது என்று இருவரும் அறிந்திருந்தனர்.

சென்னையில்

1844இல் லண்டனில் தோன்றிய கிறிஸ்தவ வாலிபர் சங்கம், உடல், அறிவு, ஆன்மா மூன்றும் சேர்ந்ததே முழு மனிதன் என்னும் கொள்கையை வளர்த்தது. கூடைப்பந்தாட்டம் 1891இலும் கைப்பந்தாட்டம் 1895இலும் அமெரிக்காவில் அச்சங்கத்தாரால் உருவாக்கப்பட்டவை. அச்சங்கத்தின் சார்பில் ஹாரி குரோ பக் என்னும் அமெரிக்கர் 1920இல் சென்னையில் உடற்பயிற்சிக் கல்லூரி ஒன்றைத் தோற்றுவித்தார். லிடெல் ஓடிய அதே 1924 பாரிஸ் விழாவுக்கு இந்திய அணியினரோடு சென்றவரும் இவரே. இன்று நந்தனத்தில் விளங்கும் அக்கல்லூரியில் பல சமயத்தாரும் பயின்று, பள்ளிதோறும் உடற்பயிற்சி ஆசிரியராயினர். ஆட்டத்தைக் காண்போரைப் பெருக்குவதன்று, ஆடுவோரை ஆக்குவதே அதன் பணி.

ஒப்புமையின் உண்மைப் பொருள்

இவற்றால் தெளிவது யாது? பார்வையாளனின் ஆர்வம் இழிந்ததன்று. உழைத்துக் களைத்தோர்க்கு அது நல்ல மகிழ்ச்சியே. ஆயினும், ஆட்டம் முடிந்தபின் அவனிடம் அது எதனையும் கேட்பதில்லை. தன் அணி தோற்றாலும் அவன் உடலில் ஒரு சிராய்ப்பும் இல்லை. அத்தகைய ஆர்வத்தை ஆலயத்துக்குள் கொண்டுவந்தால், பாட்டும் கூட்டமும் பெருகலாம். பார்வையாளர் இடம் மாறி அமர்ந்தனர் என்பதன்றி வேறு பயன் விளையாது. நிறைந்த ஆலயத்திலும் பார்வையாளரே மிகுந்திருத்தல் கூடும் என்பதைக் கடிந்துரைப்போர் நினைப்பதில்லை.

காஹாங் தோட்டத்துச் சிறுவன் ஒருவன், யாரும் காணாத வேளையில் திடலில் தனியே பந்தை உதைத்துப் பழகுகிறான் எனக் கொள்வோம். பவுல் அடியார் சுட்டிய உவமைக்கு அவனே உரியவன். ஞாயிறு பள்ளியிலோ தமிழ் வகுப்பிலோ இவ்வுவமையை எடுத்தாளும் ஆசிரியர், பந்தாட்டத்தில் ஆரவாரிப்பவன் ஆராதனையில் ஏன் ஆரவாரிக்கவில்லை என்று கேட்க வேண்டுவதில்லை. நாள்தோறும் பந்து பழகுபவன் பொறுமையையும் வாய்மையையும் ஈகையையும் நாள்தோறும் பழகுகிறானா என்று கேட்பதே முறை. அவ்வாறு கேட்பின் மாணவனும் நாணமின்றி விடை கூற முற்படுவான். கேட்ட ஆசிரியரும் தம்மை அவ்வினாவுக்கு உட்படுத்திக்கொள்வார்.