சான்றிலிருந்து அறுவைக்கு: பெண்ணுறுப்பு அழகு அறுவையின் இந்திய முன்வரலாறு

பெண்ணுறுப்பு அழகு அறுவையை ஆராய்பவர்கள் பலரும் நியூசிலாந்து அறிஞர் வர்ஜீனியா பிரவுனின் 2005ஆம் ஆண்டுக் கட்டுரையைத் தொட்டே தொடங்குகிறார்கள். ஊடகச் செய்திகளையும் அறுவை மருத்துவர்களின் பேச்சையும் அலசிய பிரவுன், இந்த அறுவைக்குச் சொல்லப்படும் தலையாய நியாயம் பெண்ணின் பாலின்பமே என்று காட்டினார். அவர் எடுத்துக்கொண்ட மேலைநாட்டுச் சான்றுகளுக்கு அந்த வாசிப்பு பொருந்தும். அதை அப்படியே இந்தியாவுக்கு நீட்டி, நுகர்வுப் பண்பாட்டோடு வந்திறங்கிய சரக்காக இந்த அறுவையைக் காண்பதைத்தான் நான் மறுக்கிறேன். பெண்ணுறுப்பின் தோற்றத்தைக் கொண்டு ஒரு பெண்ணின் ஒழுக்கத்தைத் தீர்மானிக்கலாம் என்ற நம்பிக்கையை அழகு மருத்துவமனைகள் இங்கே கொண்டுவரவில்லை. அதற்கு வெகுகாலம் முன்பே மருத்துவக் கல்லூரியும் நீதிமன்றமும் அதை நாட்டிவிட்டன.

ஜெய்சிங் மோடியின் சட்ட மருத்துவப் பாடநூல் 1920இல் முதன்முதலாக வந்தது. இந்திய மருத்துவ மாணவர்கள் தலைமுறை தலைமுறையாகப் படித்த நூல் அது. கன்னிமையின் அடையாளங்கள் என்று அதில் வரும் பகுதி நின்று படிக்க வேண்டியது. அது கன்னித்திரையோடு நிற்பதில்லை. கன்னியின் பேரிதழ்கள் இறுகியிருக்கும், உள்ளிதழ்கள் சிறியவையாகவும் ரோஜா நிறத்திலும் இருக்கும் என்கிறது. பின்வந்த பாடநூல்கள் இதையே பட்டியலாக்கி, உறவுக்குப் பழகியவளுக்கு விரிந்த, கறுத்த இதழ்களை எதிர்ப்பத்தியில் வைத்தன. இன்றைய அழகு அறுவை விற்பதும் சிறிய, வெளிறிய, இறுக்கமான உறுப்பைத்தான். ஒன்று மற்றொன்றின் நேரடிக் காரணம் என்று அறுதியிட முடியாது. ஆனாலும் இவ்வளவு நெருங்கிய ஒற்றுமையைத் தற்செயல் என்று தள்ள எனக்கு மனமில்லை. அந்தப் பட்டியலுக்கு உடற்கூற்று அடிப்படையும் கிடையாது. 2005இல் லண்டனில் 50 பெண்களை அளந்த ஆய்வில் உள்ளிதழின் அகலம் 7 மில்லிமீட்டரிலிருந்து 50 மில்லிமீட்டர் வரை வேறுபட்டது. இயல்பு என்பதே இவ்வளவு விரிந்தது.

2012இல் வந்த '18 அகெய்ன்' என்ற இறுக்கக் களிம்பின் விளம்பரம் பெண்ணின் விருப்பத்தையும் இன்பத்தையும்தானே பேசியது, அது பிரவுன் பக்கம்தானே சாயும் என்று கேட்கலாம். சேலை கட்டிய இல்லத்தரசி அதில் ஆடிப்பாடுவது உண்மை. அவள் எதைப் பாடுகிறாள்? மீண்டும் கன்னியானதுபோல் இருக்கிறது என்று. மணமான பெண்ணின் இன்பத்தைச் சொல்வதற்குக்கூட இங்கே கன்னிமையைவிட்டால் வேறு மொழி கிடைக்கவில்லை.

விருப்பம் என்ற சொல் எல்லாப் பெண்களுக்கும் ஒரே எடையோடு வருவதுமில்லை. வடசென்னையின் புளியந்தோப்பு, திருவொற்றியூர்ப் பெண்கள் பிள்ளைப்பேற்றுக்கும் கருப்பை இறக்கத்துக்கும் நாடிச் செல்வது ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். அரசு மருத்துவமனையை. பேற்றில் கிழிந்த தசையை அரசு மருத்துவமனையில் தைத்தால் அது சிகிச்சை. அதே தசையைத் தனியார் மருத்துவமனையில் இறுக்கினால் அதற்கு 'புத்துயிர்ப்பு' என்று பெயர், கட்டணமும் உண்டு. தனியார் அறுவைகளுக்குப் பொதுப் பதிவேடு இல்லாததால், சென்னையில் இந்த வணிகம் தொடங்கிய ஆண்டைக் குறிக்க முயல்வது வீண்.

சான்றும் அறுவையும் நேருக்கு நேர் சந்தித்தது கேரளத்தில் கன்னியாஸ்திரீ அபயாவின் கொலை வழக்கில். 2008இல் குற்றம்சாட்டப்பட்ட கன்னியாஸ்திரீக்குக் கன்னிமைச் சோதனை செய்த சி.பி.ஐ., அவர் அறுவை மூலம் கன்னித்திரையைச் சீரமைத்துக்கொண்டார் என்று வாதிட்டது. அந்தச் சோதனை அரசமைப்புக்கு முரணானது என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2023இல் தீர்ப்பளித்தது. அதற்கு முந்தைய ஆண்டு ஏப்ரலில், பாலியல் வன்முறைக்கு உள்ளானவர்களிடம் நடத்தப்பட்ட இரு விரல் சோதனையைத் தடை செய்யுமாறு சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தமிழக அரசுக்கு உத்தரவிட்டிருந்தது. இவற்றுக்குப் பிறகும், 2024 ஆகஸ்ட் இறுதியில் தேசிய மருத்துவ ஆணையம் வெளியிட்ட பாடத்திட்டத்தில் கன்னித்திரையின் முக்கியத்துவம் திரும்ப வந்தது. எதிர்ப்பு எழவே சில நாட்களில் அத்திட்டம் திரும்பப் பெறப்பட்டது. மோடி நூலின் அந்தப் பகுதிக்கு ஆயுள் முடிந்துவிட்டது என்று இன்னும் என்னால் எழுத முடியவில்லை.