ரஹீம் சாகிப்: ஆறு தையல்

ஜகார்த்தா, ஆகஸ்ட் 1962. ஆசிய விளையாட்டுக் கால்பந்தின் முதல் ஆட்டத்திலேயே தென்கொரியாவிடம் 0-2 என்று இந்தியா தோற்றதோடு சென்ற வாரம் நிறுத்தினோம். அடுத்தது தாய்லாந்து. அதிலும் தோற்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

4-1 என்று ஜெயித்தோம். ஆனால் சந்தோஷப்பட முடியவில்லை. தடுப்பாட்டத்தின் தூணான ஜர்னெயில் சிங்கின் மண்டை உடைந்து ஆறு தையல். அவர் இல்லாமலே ஜப்பானை 2-0 என்று தாண்டினார்கள். அரையிறுதியில் தென் வியட்நாம் காத்திருந்தது.

அந்த அணியின் பயிற்சியாளர் சையது அப்துல் ரஹீம், அடிப்படையில் ஒரு பள்ளிக்கூட வாத்தியார். உஸ்மானியா பல்கலைக்கழக அணிக்கு ஆடியவர். பிறகு ஹைதராபாத் பள்ளிகளில் பாடம் நடத்தியவர். உடற்கல்வியில் டிப்ளமோ வாங்கி மைதானத்துக்கு வந்தார். வலது கால் பலமான பையன்களை இடது காலால் மட்டுமே ஆட வைத்துப் போட்டிகள் நடத்துவார். பந்தை உருட்டிக்கொண்டே ஓடக் கூடாது, வந்ததும் பாஸ் கொடுத்துவிட வேண்டும் என்று தனியாக ஒரு போட்டி. இப்படி வளர்ந்த ஹைதராபாத் சிட்டி போலீஸ் அணி 1950 முதல் 1954 வரை ரோவர்ஸ் கோப்பையை யாருக்கும் விட்டுத்தரவில்லை. கள்ளக்குறிச்சியிலும் கல்வராயன் மலை வெள்ளிமலையிலும் கழுத்தில் விசிலோடு வெயிலில் நிற்கும் பி.டி. வாத்தியார்களை நினைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் யூகோஸ்லாவியாவிடம் 1-10 என்று நொறுங்கிய இந்தியாவை, நான்கே ஆண்டுகளில் மெல்போர்னில் நான்காவது இடத்துக்குக் கொண்டுவந்த ரஹீம் அந்த வாத்தியார்கள் இனத்து மனிதர்.

இனி அரையிறுதி. தலையில் கட்டோடு இருக்கும் ஆளைத் தடுப்பாட்டத்தில் நிறுத்தினால், உயரே வரும் ஒவ்வொரு பந்தையும் அவர் முட்டியாக வேண்டும். வெளியே உட்கார வைத்தால் அந்த உடல்பலம் வீண். ரஹீம் மூன்றாவதாக ஒன்றைச் செய்தார். ஜர்னெயிலை சென்டர் ஃபார்வர்டாக இறக்கினார்!

கட்டுப்போட்ட தலையோடு ஜர்னெயில் ஒரு கோல் அடித்தார். கேப்டன் சுனி கோஸ்வாமி இரண்டு. 3-2.

இறுதி ஆட்டம் செப்டம்பர் 4. எதிரே மறுபடியும் அதே தென்கொரியா. இஸ்ரேலையும் தைவானையும் இந்தோனேசியா போட்டிகளில் சேர்க்காததைக் கண்டித்து, சர்வதேச ஒலிம்பிக் கமிட்டியில் இருந்த இந்தியாவின் ஜி.டி. சோந்தி பேசியிருந்தார். ஊரே கொதித்தது. இந்தியத் தூதரகத்தைக் கும்பல் தாக்கியது. செனாயன் மைதானத்தில் ஏறக்குறைய ஒரு லட்சம் பேர் இந்தியாவுக்கு எதிராகக் கத்தப் போகிறார்கள்.

ஆறடிக்கு மேல் வளர்ந்த நம் கோல்கீப்பர் பீட்டர் தங்கராஜ் காய்ச்சலில் படுத்து எழுந்திருக்கிறார். அவர் இடத்தில் பிரத்யுத் பர்மன் நன்றாகவே ஆடிவிட்டார். தடுப்பாட்டத்தில் திரிலோக் சிங்குக்கும் காயம். ரஹீமோ உடல் நலிந்து கொண்டிருந்தவர். அடுத்த ஜூன் 11-ஆம் தேதி புற்றுநோய் அவரைக் கொண்டுபோய்விடும்.

ஜர்னெயிலைப் பின்னே அழைப்பதா, முன்னாலேயே விடுவதா? கோல் கம்பங்களுக்கு நடுவே பர்மனா, தங்கராஜா?

(தொடரும்)