சேப்பாக்கத்தில் உயர்ந்த ஒரு விரல்

சென்ற வாரம் மாலை நடை முடிந்து வழக்கமான டீக்கடையில் உட்கார்ந்தேன். நம்மூர்க் கடையைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சிங்கப்பூரிலிருந்து விடுப்பில் வந்தவர் ஒருவர், துபாய்க்குத் திரும்பப் போகிறவர் ஒருவர், வயலிலிருந்து நேராக வந்தவர்கள் இரண்டு பேர். பேச்சு கிரிக்கெட்டுக்குப் போனது. கவாஸ்கர் பெரிய தொடக்க ஆட்டக்காரரா, நம்ம ஸ்ரீகாந்தா? டி.ஆர்.எஸ். அன்றைக்கே இருந்திருந்தால் 1986-இல் சேப்பாக்கத்தில் நாம் ஜெயித்திருப்போமா? நாற்பது வருடமாக ஓயாத வழக்கு இது.

அந்த ஆட்டத்தைப் பார்க்காத பேரப்பிள்ளைகளுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

1986 செப்டம்பர் 18 முதல் 22 வரை, சென்னை வெயிலில் இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் மோதிய டெஸ்ட். ஆஸ்திரேலியா 7 விக்கெட்டுக்கு 574 ரன் எடுத்து டிக்ளேர் செய்தது. டீன் ஜோன்ஸ் 210 ரன் அடித்துவிட்டு, உடம்பில் நீரெல்லாம் வற்றி, ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தார். கபில்தேவ் 119 அடித்ததால் நாம் 397 வரை வந்தோம். கடைசி நாள் 348 ரன் இலக்கு.

அன்று திங்கட்கிழமை. எங்கள் தெருவில் சிங்கப்பூரிலிருந்து வந்த ஒரு டூ-இன்-ஒன் பெட்டியைத் திண்ணையில் வைத்து, அதைச் சுற்றி இருபது பேர் நின்று வர்ணனை கேட்டோம். 6 விக்கெட்டுக்கு 331 என்றதும் யாரோ மிட்டாய் வாங்கவே ஆள் அனுப்பிவிட்டார். பிறகு மளமளவென்று விக்கெட்டுகள் சரிந்தன. கிரெக் மேத்யூஸ் வீசிய கடைசி ஓவரில் நான்கு ரன் வேண்டும், கையில் ஒரே விக்கெட். ரவி சாஸ்திரி இரண்டு ரன் எடுத்தார், பிறகு ஒரு ரன். ஸ்கோர் சமம். மணிந்தர் சிங் ஒரு பந்தைத் தடுத்தார். அடுத்த பந்து காலில் பட்டது. நடுவர் விக்ரம்ராஜு விரலை உயர்த்தினார். ஒரு பந்து மீதம் இருக்க, ஆட்டம் டை. 1960-இல் பிரிஸ்பேனில் நடந்ததற்குப் பிறகு டெஸ்ட் வரலாற்றில் இரண்டாவது டை. மூன்றாவது இன்று வரை இல்லை.

பந்து முதலில் மட்டையில் பட்டது என்று மணிந்தர் சொல்லிக்கொண்டே இருக்கிறார். தன் தீர்ப்பு சரிதான் என்பதில் விக்ரம்ராஜுவும் உறுதியாக இருந்தார். ஆனால் அதற்குப் பிறகு அவர் ஒரு டெஸ்டில்கூட நடுவராக நிற்கவில்லை.

அந்த ஆட்டத்தில் நம் தொடக்க ஜோடியைப் பாருங்கள். ஸ்ரீகாந்த் 53, 39. கவாஸ்கர் 8, 90. ஒருவர் முதல் ஓவரிலேயே பந்தைப் பவுண்டரிக்கு விரட்டுவார். மற்றவர் வெளியே போகும் பந்தைத் தொடவே மாட்டார். 1983 உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் இரண்டு அணியிலும் அதிக ரன் ஸ்ரீகாந்தின் 38-தான். டெஸ்டில் முதன்முதலில் 10,000 ரன் தொட்டவர் கவாஸ்கர். நாத்தங்காலும் வேண்டும், நடவும் வேண்டும். இதில் பெரியவர் யார் என்ற கேள்விக்கே இடமில்லை என்பது என் கட்சி. கடையில் அது எடுபடவில்லை.

சரி, டி.ஆர்.எஸ். கதைக்கு வருவோம். மூன்றாம் நடுவர் வந்ததே 1992-இல்தான். டர்பனில் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக டி.வி. பார்த்து முதலில் ரன்-அவுட் கொடுக்கப்பட்டவர் நம் டெண்டுல்கர். நம் சென்னை வெங்கட்ராகவன் 1993 முதல் 2004 வரை 73 டெஸ்டுகளில் நடுவராக நின்றார். எல்.பி.டபிள்யூ. என்றால் அவருக்கு உதவி அவருடைய இரண்டு கண்கள் மட்டுமே. ஆட்டக்காரரே தீர்ப்பை மேல்முறையீடு செய்யும் முறையை 2008-இல் இலங்கையில் சோதித்துப் பார்த்தார்கள். எதிரே ஆடியது இந்தியா. அந்தத் தொடரில் இலங்கையின் முறையீடு 11 முறை வென்றது, நம்முடையது ஒரே ஒரு முறை. அதன் பிறகு இந்திய வாரியம் இந்த முறையை நம்ப மறுத்தது. 2011 உலகக் கோப்பையைப் போன்ற போட்டிகளில் இருந்ததே தவிர, மற்ற நாடுகளுடன் ஆடும் தொடர்களில் பெரும்பாலும் வேண்டாம் என்றே சொல்லிவிட்டது. மனம் மாறியது 2016 நவம்பரில், ராஜ்கோட்டில் இங்கிலாந்து வந்தபோது. மணிந்தருக்காக இத்தனை வருடம் புலம்பிய நாம்தான் எட்டு வருடம் இயந்திரத்தையும் தள்ளி வைத்தோம்!

இயந்திரம் இருந்திருந்தால் ஜெயித்திருப்போமா? மட்டையில் பட்டிருந்தால் ஒலி அலை காட்டிக் கொடுத்திருக்கும். மட்டையும் காலும் அருகருகே இருந்தால் அந்தக் கோட்டையும் ஆளுக்கு ஒரு விதமாகப் படிப்பார்கள். மட்டையில் படவில்லை, பந்து ஸ்டம்பின் ஓரத்தைத்தான் உரசும் என்றால், களத்து நடுவர் சொன்னதே நிற்கும். அதாவது விக்ரம்ராஜுவின் விரலே ஜெயித்திருக்கும். அதற்கெல்லாம் முன்னால், முறையீடு ஒன்றாவது நமக்கு மிச்சம் இருந்திருக்க வேண்டுமே! இன்னொன்றும் உண்டு. ஐந்து நாளும் எத்தனையோ முறையீடுகள் எழுந்திருக்கும். இயந்திரம் வந்திருந்தால் அத்தனையையும் அல்லவா பார்த்திருக்கும்? கடைசித் தீர்ப்பை மட்டும் பிடுங்கி எடுத்து மாற்ற முடியாது. அதற்கு முந்திய தீர்ப்புகள் மாறியிருந்தால் அந்தக் கடைசிப் பந்தே வந்திருக்காது.

ஆக, இயந்திரம் வெற்றியைத் தந்திருக்கும் என்று நான் நம்பவில்லை. அது வேறொன்றைத் தந்திருக்கும். அந்தப் பழியை ஒரே மனிதர் ஆயுள் முழுக்கச் சுமக்க விட்டிருக்காது.

இதைச் சொல்ல எனக்குக் காரணம் இருக்கிறது. 1984-இல், சம்பா அறுவடை முடிந்து, உளுந்து தெளிக்காமல் விட்ட ஒரு வயலில் பையன்களுக்கு நான் நடுவராக நின்றேன். வாத்தியார் என்பதால் என்னைப் பிடித்து நிறுத்தினார்கள். ஸ்ரீகாந்த் மாதிரியே கண்ணைச் சிமிட்டிக்கொண்டு ஒரு மாணவன் தொடக்க ஆட்டக்காரனாக இறங்கினான். முதல் பந்து காலில் பட்டது. பதினோரு பேரும் சேர்ந்து கத்தினார்கள். என் விரல் உயர்ந்துவிட்டது. உயர்த்திய பிறகுதான் சந்தேகம் வந்தது. அவன் ஒன்றும் பேசாமல் மட்டையை இடுக்கிக்கொண்டு வரப்பு வழியே போனான். அந்த அணி தோற்றது. பிறகு அவன் ஆட வரவேயில்லை.

சென்ற வாரம் கடையில் இருந்த அந்தச் சிங்கப்பூர்க்காரர் அவர்தான். இப்போது அவருக்கும் தாடி நரைத்துவிட்டது. எல்லாரும் எழுந்த பிறகு கேட்டார்.

“சார், அன்னைக்கு எனக்குக் கொடுத்தது அவுட்டா சார்?”

“தெரியலப்பா. சத்தத்துல கொடுத்துட்டேன். நாப்பது வருஷமா மனசுல இருக்கு” என்றேன்.

அவர் கொஞ்ச நேரம் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார். “பேட்ல பட்ட மாதிரிதான் இருந்துச்சு. இப்ப எனக்கும் சரியா ஞாபகம் இல்ல சார்.”

நான் பையில் கை விடுமுன் இரண்டு டீக்கும் காசு கொடுத்துவிட்டார்.

விக்ரம்ராஜுவிடம் மணிந்தரோ, மணிந்தரிடம் விக்ரம்ராஜுவோ இப்படி ஒரு டீ குடித்தபடி பேசினார்களா என்று தெரியவில்லை. பேசியிருந்தால் நல்லது.

அந்தத் திங்கட்கிழமை மாலை நீங்கள் எந்தத் திண்ணையில், யார் வீட்டு ரேடியோவில் கேட்டீர்கள்? நினைவிருந்தால் எழுதுங்கள்.