பட்டடைக் கல்யாணம்

ஸ்காட்லாந்தில் கிரெட்னா கிரீன் என்றொரு கிராமம். அங்கே கல்யாண மண்டபம் கொல்லுப்பட்டறைதான். இரும்பை வைத்து அடிக்கும் பட்டடைக்கு எதிரே மாப்பிள்ளையும் பெண்ணும் நிற்க, நடத்திவைக்கிறவர் சுத்தியலால் ஓங்கி ஒரு போடு போடுவார். முடிந்தது கல்யாணம். ‘உலகின் விநோதத் திருமணங்கள்’ என்று பத்திரிகைகள் துணுக்குப் போடும்போதெல்லாம் இதுவும் தவறாமல் வந்துவிடும். நான் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே மேசை போட்டுப் பத்திரம் எழுதிப் பிழைக்கிறவன். எந்த விநோதத்தைக் கேட்டாலும், அதற்கு அடியில் சொத்து இருக்கிறதா, சட்டம் இருக்கிறதா என்றுதான் என் புத்தி போகும். கிரெட்னாவில் இரண்டும் இருந்தன.

18ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் லண்டனில் ரகசியக் கல்யாணம் செய்ய நினைத்தவர்கள் ஃப்ளீட் என்ற கடன்காரர் சிறைப் பக்கம் போனார்கள். கடனில் மூழ்கிய பாதிரியார்கள் அங்கேயும் சுற்றுவட்டத்துச் சாராயக் கடைகளிலும் கிடைப்பார்கள். காசு கொடுத்தால் கல்யாணம். கூடக் கொடுத்தால் முன்தேதியிட்ட சான்று. இந்த வித்தை நம் ஊருக்கு மட்டும் சொந்தமில்லை. பணக்கார வீட்டுப் பிள்ளைகள் இப்படிக் கைவிட்டுப் போவதைத் தடுக்கத்தான் ஹார்ட்விக் பிரபு 1753இல் ஒரு சட்டம் கொண்டுவந்தார். மறு ஆண்டு மார்ச் 25 முதல் அமல். தேவாலயத்தில் முன்கூட்டி அறிவிக்க வேண்டும், இல்லையேல் லைசென்ஸ் வாங்க வேண்டும். 21 வயது நிரம்பாதவர் லைசென்ஸில் கல்யாணம் செய்யப் பெற்றோர் சம்மதம் வேண்டும். மீறி நடத்திவைக்கும் பாதிரியாருக்கு 14 ஆண்டு நாடுகடத்தல்.

ஆனால் அந்தச் சட்டம் ஸ்காட்லாந்துக்குச் செல்லாது. அங்கே பையனுக்கு 14, பெண்ணுக்கு 12 வயதானால் போதும். பெற்றோர் வேண்டாம், பாதிரியார் வேண்டாம். இன்னாரைக் கணவனாக, மனைவியாக ஏற்கிறேன் என்று இருவரும் வாயால் சொன்னால் அது கல்யாணம். பின்னால் நிரூபிக்க இரண்டு சாட்சி இருந்தால் நல்லது. லண்டனிலிருந்து கிளம்பிய ஜோடி கார்லைல் நகரைத் தாண்டி, சார்க் என்ற சிற்றாற்றைக் கடந்தால் ஸ்காட்லாந்து. கடந்ததும் வரும் முதல் ஊர் கிரெட்னா. 1770களில் நல்ல சுங்கச்சாலையும் வந்து சேர, ஊர் பிடித்துக்கொண்டது.

கல்யாணம் நடத்தியவர்களில் பெரும்பாலோர் கொல்லர்களே இல்லை. பேர்பெற்ற ஜோசப் பெய்ஸ்லி புகையிலை விற்றவர். டேவிட் லாங் ஊர் ஊராய்ப் போய்ச் சாமான் விற்றவர். யார் வேண்டுமானாலும் நடத்தலாம் என்றிருந்ததால் போட்டி கடுமை. கார்லைலிலிருந்து வண்டி ஓட்டிவரும் பையன்தான் தரகன். கிராக்கி எப்படிப்பட்டது என்று அவன் கண்ஜாடை காட்டுவான், அதற்கேற்பக் கூலி ஏறும். ஏழையிடம் ஒரு மடக்கு விஸ்கி, பிரபுவிடம் நூறு பவுன்.

அவர்கள் கொடுத்த சான்றுதான் எனக்குப் பிடித்தது. ராஜ்யம், மாவட்டம், வட்டம் எல்லாம் முறையாக மேலே இருக்கும். இருவரும் தாம் மணமாகாதவர் என்று என் முன் சொன்னதால், இங்கிலாந்துத் திருச்சபை முறைப்படியும் ஸ்காட்லாந்துத் திருச்சபைச் சட்டத்துக்கு இசையவும் மணம் முடிந்தது என்று எழுதியிருக்கும். எழுதியவருக்கு இரண்டு திருச்சபையோடும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அப்பன்காரன் துரத்திவரும் வண்டிச் சத்தம் கேட்டால், ஜோடியைப் படுக்கையில் தள்ளிப் போர்த்திவிட்டு, எல்லாம் முடிந்துவிட்டது என்று கதவருகே சொல்வதும் உண்டாம்.

அப்படித் துரத்தியவர்களில் பெரிய புள்ளி ராபர்ட் சைல்ட், லண்டன் வங்கிக்காரர். 1782இல் அவருடைய ஒரே மகள் சாராவோடு வெஸ்ட்மோர்லாந்து பிரபு கிளம்பிவிட்டார். மாமனார் வண்டி நெருங்கியபோது பிரபு தரப்பில் சுட, சைல்டின் குதிரை ஒன்று செத்தது. கல்யாணம் நடந்தது. ஆனால் சைல்ட் சும்மா விடவில்லை. உயிலை மாற்றினார். பிரபுவின் மூத்த மகனுக்கு ஒரு காசும் போகாதபடி கட்டிவைத்தார். வங்கியும் சொத்தும் பேத்திக்குப் போயின. அதே வருஷம் சைல்ட் இறந்தும் போனார். ஒற்றை உயிலில் மாப்பிள்ளை வம்சத்தையே தாண்டிக்கொண்டு போன வேலை. எழுதிய வக்கீலுக்குக் கும்பிடு போடலாம்.

எல்லாம் காதல் கதை என்று நினைத்துவிட வேண்டாம். 1826இல் எட்வர்ட் கிப்பன் வேக்ஃபீல்ட் என்ற மனிதர், லிவர்பூலில் படித்துக்கொண்டிருந்த 15 வயது எல்லன் டர்னரைப் பொய்க் கடிதம் காட்டி அழைத்துப் போனார். உன் அப்பா கடனில் மூழ்கிவிட்டார், நீ என்னைக் கட்டினால்தான் அவர் பிழைப்பார் என்று நம்பவைத்து, கிரெட்னாவில் லாங் முன்னால் கல்யாணம் முடித்தார். பெண் ஒப்புக்கொண்டாள், சாட்சியும் இருந்தது, சான்றும் இருந்தது. மறு ஆண்டு லங்காஸ்டர் நீதிமன்றத்தில் லாங்கே வந்து சாட்சி சொன்னார். வேக்ஃபீல்டுக்கு 3 ஆண்டு சிறை; கல்யாணத்தை நாடாளுமன்றம் தனிச் சட்டம் போட்டு ரத்துசெய்தது. விடுதலையான அந்த ஆள்தான் பிறகு நியூசிலாந்துக் குடியேற்றத்தின் சூத்திரதாரி. எல்லன் 19 வயதில் பிரசவத்தில் இறந்தாள்.

1856இல் புரூம் பிரபு கடிவாளம் போட்டார். மணமக்களில் ஒருவராவது 21 நாள் ஸ்காட்லாந்தில் தங்கியிருக்க வேண்டும் என்றது அவர் சட்டம். துரத்திவருகிறவருக்கு 21 நாள் என்பது எவ்வளவு பெரிய அவகாசம்! இதில் வேடிக்கை, புரூமே 1819இல் எல்லையோர ஊரான கோல்ட்ஸ்ட்ரீமில் ரகசியமாகக் கல்யாணம் செய்துகொண்டவர். நம் 1954ஆம் வருடத்துச் சிறப்புத் திருமணச் சட்டத்தில் 30 நாள் குடியிருப்பு, 30 நாள் நோட்டீஸ் என்று வருகிறதே, அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு புரூம்தான் நினைவுக்கு வருவார். அந்த நோட்டீஸ் பலகையை ஜோடிகள் பார்ப்பதைவிட, அவர்களைத் தேடி வருகிறவர்கள்தான் உற்றுப் பார்க்கிறார்கள்.

கொல்லுப்பட்டறையைப் பார்வையாளர்களுக்கென்று திறந்தது 1887இல். அதன்பின்தான் பட்டடை ஊரின் அடையாளமாக நிலைபெற்றது. 1926 முதல் ரிச்சர்ட் ரென்னிசன் என்பவர் மட்டும் 5,147 கல்யாணம் நடத்தினார். 1940 ஜூலை 1 அன்று வாய்மொழிக் கல்யாணம் சட்டப்படி நின்றது.

ஸ்காட்லாந்து கைவிட்டதை 28 வருஷம் கழித்து நாம் கைக்கொண்டோம். ஐயரில்லாத சுயமரியாதைத் திருமணம் ஒன்று செல்லாது என்று 1953இல் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருந்தது. அண்ணா ஆட்சியில் 1967இல் கொண்டுவந்து மறு ஆண்டு ஜனவரியில் அமலான, இந்துத் திருமணச் சட்டத்தின் 7-ஏ பிரிவு அதை மாற்றியது. உற்றார், நண்பர், வேறு எவர் முன்னிலையிலும் இருவரும் புரிந்த மொழியில் ஏற்பதாகச் சொன்னால், அல்லது மாலை மாற்றினால், மோதிரம் அணிவித்தால், தாலி கட்டினால் போதும்.

ஆனால் ஒன்று. கிரெட்னாவின் பதிவேடுகள் தனியார் கையில் கிடந்து, எத்தனையோ தொலைந்துபோயின. நமக்கு 2009ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம் இருக்கிறது. எந்த முறையில் செய்துகொண்டாலும் 90 நாளுக்குள் பதிவுசெய்யுங்கள். இருவர் பெயரின் எழுத்தையும் பிறந்த தேதியையும் கையெழுத்துப் போடும் முன் சரிபாருங்கள். பிறகு திருத்த அலைவது பெரும்பாடு.